ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வீட்டில் மீட்டமைத்தல்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது 1961 முதல் 1971 வரை சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த சிறிய கார். பிரித்தானியாவில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இந்தியாவில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் விற்பனையானது. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதுதான் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் அரிது. அதன் முன்சக்கர அமைப்பையும் பின் அச்சையும் கையால் தொட்டுக் கற்க விரும்புபவருக்குத் தமிழ்நாட்டில் அருகில் கிடைப்பது பழைய ஹெரால்ட்தான்.

வீட்டில் வேலை செய்ய ஏற்ற அமைப்பு

1950களின் இறுதியில் பெரும்பாலான கார்கள் தனி அடிச்சட்டம் இல்லாமல், உடலே சுமை தாங்கும் முறைக்கு மாறிவிட்டன. ஹெரால்ட் மாறவில்லை. ஸ்டாண்டர்ட் டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், பகுதி பகுதியாகச் செய்து அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இணைக்கும் பழைய முறைக்கே அவர்கள் திரும்பினார்கள். பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து வெளிநாடுகளில் கூட்டுவதற்கும் அது வசதியாக இருந்தது.

அன்று நிர்ப்பந்தத்தால் எடுத்த முடிவு இன்று வீட்டு முற்றத்தில் வேலை செய்பவருக்குப் பெரிய உதவி. முன்பக்கச் சிறகுகளோடு சேர்ந்த முழு பானெட்டும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினில் கை வைக்கலாம். போல்ட்டுகளைக் கழற்றினால் உடல் அடிச்சட்டத்திலிருந்து தனியாக வந்துவிடும். கிரேன் தேவையில்லை. நான்கைந்து பேர் கை கொடுத்தால் போதும். ஸ்பிட்ஃபயரில் இந்த வசதி குறைவு. அதில் கதவுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டித் தகடுகளும் சுமை தாங்குவதால், அவை துருப்பிடித்தால் வண்டியே வளையும்.

அடிச்சட்டம்

பழைய காரை வாங்கியதும் டிங்கர் வேலைக்கும் பெயிண்டுக்கும் ஓடுவதுதான் வழக்கமான தவறு. பட்டி பூசிப் பளபளப்பாக்கிய ஹெரால்டின் அடியில் நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் காகிதமாக இருக்கலாம். அந்தக் கைகளும், பின்புறம் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பகுதியும்தான் முதலில் அரிக்கும் இடங்கள். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கடற்காற்றில் நின்ற சென்னை வண்டியைவிட, திருமுக்கூடல், காஞ்சிபுரம் போன்ற உள்ளூர்ப் பகுதிகளில் கூரைக்கடியில் நின்ற வண்டியில் துரு குறைவாக இருக்க வாய்ப்புண்டு. என்றாலும் மழைநீர் தேங்கும் தரையில் வருடக்கணக்கில் நின்றிருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

உடலைத் தூக்கும் முன் கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை முட்டாகக் கொடுக்க வேண்டும். உடலுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள வாஷர்களும் திண்டுகளும் எந்தப் போல்ட்டில் எத்தனை இருந்தன என்று எழுதி வைப்பது அவசியம். கதவு இடுக்குகள் சீராக அமைவது அவற்றால்தான். சட்டத்தில் வெல்டிங் செய்வதற்கு முன்னும் பின்னும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துவராத சட்டத்தில் எந்தக் கதவும் சரியாக மூடாது.

முன்சக்கரமும் கியர் ஆயிலும்

இந்தக் காரில் உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. முன்சக்கரம் திரும்புவதற்கான செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக, டிரனியன் எனப்படும் வெண்கலக் கூட்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழல்கிறது. அதற்கு இட வேண்டியது கியர் ஆயில், அதாவது இ.பி. 90 வகை எண்ணெய். நம் பட்டறைகளில் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தும் பழக்கம் உண்டு. கெட்டியான கிரீஸ் மரையின் அடிவரை போகாது. தண்ணீர் புகுந்து எஃகு மரை அரித்து, ஒருநாள் தண்டு முறியும். சக்கரம் பக்கவாட்டில் மடிந்து வண்டி சாலையில் உட்கார்ந்துவிடும். மீட்டமைக்கும்போது இதைக் கழற்றி மரையைச் சோதிக்காமல் விடக் கூடாது. இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் வேறு என்பதால் பாகங்கள் கலந்துவிடாமல் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். முன்சுருள்வில்லைக் கழற்ற அதற்குரிய அழுத்துக் கருவி கட்டாயம். கயிற்றைக் கட்டிச் சமாளிப்பது விபத்தில் முடியும்.

பின்புறத்தில் ஒரே பட்டைவில் குறுக்காக டிஃபரன்ஷியலின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். இரு பின்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். பள்ளமான சாலையில் இது சொகுசு. வேகமாக வளைவில் திரும்பி, பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்வாங்கி வண்டி நிலைகுலையக்கூடும். 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் காரில் இந்நிறுவனம் வழக்கமான ஒரே பின் அச்சுக்கு மாறியது.

இன்ஜின்

948 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின் எளிமையானது. பிஸ்டன், வால்வு வேலைகளுக்கு நல்ல லேத் பட்டறை போதும். இதன் தனிப் பலவீனம், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள். ஒருவர் கிளட்சை அழுத்த, மற்றொருவர் முன்பக்க பெல்ட் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரையான அசைவு இயல்பு. சக்கரம் முன்னே நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் தகடுகள் தேய்ந்துவிட்டன. அவை கழன்று விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் பாழாகும். இன்ஜினை இறக்காமல், ஆயில் சம்ப்பைக் கழற்றியே இவற்றை மாற்றிவிடலாம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்பவர் இந்தத் தகடுகளைத்தான் தேய்க்கிறார்.

போல்ட்டுகள் அங்குல அளவில் இருக்கும். மி.மீ. ஸ்பேனரைப் போட்டால் தலை மழுங்கும். பேட்டரி இணைக்கும் முன் எந்த முனை தரை என்று பார்க்க வேண்டும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே தரை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வையும் கெடுக்கும் என்பதால் அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஒரே இணைப்பாக இருப்பதால் ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் போகும். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

உதிரிபாகமும் பதிவும்

இன்ஜின், சக்கர அமைப்பு ஆகியவற்றின் பாகங்கள் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவானவை பல இருப்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. சிக்கல் உடல் தகடுகளில்தான். நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும் வந்தது. அதன் பின்கதவை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடியாது. சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறொரு பழைய வண்டியிலோ தேட வேண்டும், அல்லது கைதேர்ந்த டிங்கரிடம் தட்டிச் செய்ய வேண்டும்.

2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த கார் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. அடிச்சட்டம், உடல், இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வேறு வண்டியின் இன்ஜினைப் பொருத்திய ஹெரால்ட் மலிவாகக் கிடைத்தால் இதை நினைவில் கொள்ள வேண்டும். பணம் கொடுக்கும் முன் சட்டத்திலுள்ள எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். துருவைச் சுரண்டினால்தான் எண் தெரியும் என்றால், விற்பவர் முன்னிலையிலேயே சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.