எழுத்து நிற்கும் இடம்

கணினித் திரையில் தோன்றும் பொத்தான்கள், பெட்டிகள், பெயர்ப்பட்டைகள் ஆகியவற்றின் தொகுதியை வரைகலை இடைமுகம் என்பர். அதனை உருவாக்க உதவுவது கருவித்தொகுப்பு. ஒரு சொல் பெட்டியின் இடப்பக்கம் நிற்க வேண்டுமா, நடுவிலா, வலப்பக்கமா என நிரலர் கூறாவிட்டால், கருவித்தொகுப்பே ஓர் இடத்தைத் தரும். இவ்வாறு முன்கூட்டியே வகுக்கப்பட்ட நிலை இயல்பிருப்பு எனப்படும்.

இயல்பிருப்புக்குக் காரணம் உண்டு. அட்டவணைச் செயலிகளில் தமிழ், இந்தி, ஆங்கிலச் சொற்கள் இடப்பக்கமும் எண்கள் வலப்பக்கமும் நிற்கும். 7, 85, 1240 ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது, ஒன்றாம் இடத்தின்கீழ் ஒன்றாம் இடம் வந்தால்தான் கூட்டுவது எளிது.

எல்லாக் கருவித்தொகுப்புகளும் ஒரே வழக்கைப் பின்பற்றுவதில்லை. பைத்தான் மொழியுடன் வரும் டிக்கிண்டரில், பெயர்ப்பட்டையின் சொல் நடுவில் நிற்கும். பட்டை சொல்லின் அளவே இருக்கும்போது இது புலப்படாது. ‘பெயர்’, ‘தந்தை பெயர்’, ‘முகவரி’ என்னும் மூன்று பட்டைகளை ஒரே அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், சொற்களின் தொடக்கங்கள் முன்னும் பின்னுமாகத் தெரியும். இது பிழையன்று, சொல்லாமல் விட்டதைக் கருவித்தொகுப்பு தானே முடிவு செய்ததன் விளைவு. நங்கூரம் எனப் பொருள்படும் ‘ஆங்கர்’ என்னும் பண்பில் மேற்குத் திசைக்கு உரிய ஆங்கில முதலெழுத்தை இட்டால், சொற்கள் இடப்பக்கம் சீராக நிற்கும். நிலப்படத்தில் மேற்கு இடப்பக்கம் அன்றோ?

ஆனால், இடப்பக்கமே எல்லார்க்கும் தொடக்கமா? தில்லியின் தெருப்பலகைகள் பலவற்றில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளையும் காணலாம். முதல் மூன்றும் இடமிருந்து வலமாகச் செல்லும். உருது வலமிருந்து இடமாகச் செல்லும். எல்லா வரிகளையும் இடப்பக்கமே நிறுத்தும் செயலியில், உருது படிப்பவர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் தேட நேரும். இக்குறையைப் போக்க, 2012இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.2 பதிப்பு ‘இடம்’, ‘வலம்’ என்பவற்றுக்கு மாற்றாகத் ‘தொடக்கம்’, ‘முடிவு’ எனக் கட்டளையிட வழி செய்தது. திரையின் மொழி தமிழாயின் தொடக்கம் இடப்பக்கம், உருதாயின் வலப்பக்கம்.

ஆகவே, செயலி அமைப்போர் இயல்பிருப்பை அறிந்திருத்தல் வேண்டும். தம் மொழியை மட்டுமன்றிப் படிப்போர் மொழியையும் எண்ணி, வேண்டுமிடத்து அதனை மாற்றுதல் அவர்தம் கடமையாகும்.

சொற்பொருள்
நிரலர் – கணினிக்குக் கட்டளைகள் எழுதுபவர்
வழக்கு – வழக்கம்
புலப்படாது – தெரியாது

வினாக்கள்
1. இயல்பிருப்பு என்றால் என்ன?
2. அட்டவணையில் எண்கள் வலப்பக்கம் நிற்பது ஏன்?
3. ‘இடம்’ என்பதைவிடத் ‘தொடக்கம்’ என்னும் கட்டளை சிறந்தது எவ்வாறு? நும் ஊர்ப் பெயர்ப்பலகை ஒன்றைக் கொண்டு விளக்குக.