கணினி விழித்தெழும்போது

கணினியின் ஆளியை அழுத்திய கணத்தில் அதன் நினைவகம் வெறுமையாய் இருக்கின்றது. யாதொரு செயலுக்குஞ் செய்நிரல் வேண்டும். அச்செய்நிரலை நினைவகத்துள் ஏற்றுதற்கும் ஒரு செய்நிரல் வேண்டும். அங்ஙனமாயின் முதற் செய்நிரலை ஏற்றுவது யாது? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் பொறியிலே இவ்வினாவுக்கு டேவிட் வீலர் என்பார் விடை கண்டார். அவர் வகுத்த 31 தொடக்கக் கட்டளைகள் ஆளிகளிற் கம்பியிணைப்பாக நிலைபெற்றிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் புகுந்து, துளையிட்ட கடதாசி நாடாவிலிருந்து ஏனையவற்றை வாசித்தன.

இன்றும் முறை ஏறக்குறைய அதுவே. தாய்ப்பலகையில் நிலைத்துள்ள சிறு செய்நிரல் ஏற்றியை அழைக்கும். ஏற்றி பணிசெயல் முறைமையின் கருவை அழைக்கும். கரு முதலாவது செயன்முறையைத் தொடக்கிவைக்கும். அதன்பின்னரே நாம் எழுதிவைத்த கட்டளைகளுக்கு இடமுண்டு.

கட்டளைகள் பலவற்றை ஒரு கோப்பிலெழுதி ஒருங்கே நிறைவேற்றும் 'றன்கொம்' என்னும் வசதியை, 1960களில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆக்கினார். யுனிக்ஸ் முறைமையின் தொடக்கக் கோப்பு 'ஆர்சி' எனப் பெயர் பெற்றது அதன் வழியாகவேயாம். டொஸ் முறைமையில் 'ஓட்டோஎக்செக்' என்னுங் கோப்பு இத்தொழிலைச் செய்தது. இன்றைய லினக்ஸ் வகைகள் பலவற்றில் 2010இல் வெளிவந்த 'சிஸ்டம்டி' இதனை ஆளுகின்றது.

நிற்க. கட்டளையை எழுதுதல் எளிது; அது பிழையின்றி நடந்ததென உறுதிசெய்தலே அரிது. யாமறிந்த பாடசாலையொன்றில், மாணவர் புள்ளிப் பதிவேட்டை வலையமைப்பின் வழியாக மற்றொரு கணினிக்குப் பிரதிசெய்யுங் கட்டளையொன்றைத் தொடக்கக் கோப்பிற் சேர்த்திருந்தனர். கையாற் தட்டச்சிட்டுச் சோதித்தபொழுது அது செவ்வனே இயங்கிற்று. இரண்டு தவணைகளின் பின் வன்தட்டுப் பழுதுற, மற்றைக் கணினியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கோப்பேனும் அங்கில்லை! ஆசிரியர்கள் விடைத்தாள்களைத் தேடித் திரிந்தமையை ஈண்டு விரித்தல் வேண்டா.

காரணம் யாது? கட்டளை நிறைவேறிய வேளையில் வலையமைப்பு இன்னும் எழவில்லை. நாம் விசைப்பலகையின் முன் அமரும்போது யாவும் ஆயத்தமாயிருக்கும். தொடக்கத்திலோ ஒன்று எழ, மற்றொன்று எழாதிருக்கும். ஆதலால் 'வலையமைப்பு எழுந்தபின் இதனைச் செய்க' எனச் சிஸ்டம்டிக்கு வெளிப்படையாகக் கூறல் வேண்டும். கோப்பின் வரிசையில் இறுதியில் வைத்தல் மட்டும் போதாது.

வேறொரு மயக்கமும் உண்டு. கட்டளையின் பெயரை மாத்திரம் நாம் தட்டச்சிட, கணினி அதனைத் தேடற்பாதையிற் கண்டுபிடிக்கின்றது. அப்பாதையின் பெரும்பகுதி நாம் உட்புகும்போது அமைவது. தொடக்கவேளையில் அது மிகச் சுருங்கியிருக்கும். எனவே கட்டளையின் முழுமுகவரியையும் எழுதுதல் நன்று. பிழைச்செய்தியைத் திரையிற் காண்பதற்கு அப்பொழுது ஒருவருமில்லை. அதனைப் பதிவுக்கோப்பொன்றில் எழுதச் செய்தல் வேண்டும். மேற்கூறிய பாடசாலையார் இவ்வொன்றைச் செய்திருப்பினும் முதல் நாளிலேயே பிழையைக் கண்டிருப்பர்.

கேளாமலே நிறைவேறுங் கட்டளையைத் தீயோரும் நாடுவர். 1986இற் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பரவிய 'பிறெயின்' என்னும் நச்சுநிரல், நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியிற் குடியிருந்தது. பணிசெயல் முறைமை எழுமுன்னரே அது எழுந்துவிடும். இக்கால நச்சுநிரல்களுட் பல தொடக்கப் பட்டியலிலே தம் பெயரைச் சேர்த்துக்கொள்கின்றன. வின்டோஸ் கணினியுடையோர் பணி முகாமையாளரைத் திறந்து, தொடக்கப் பகுதியிற் காணும் பெயர்களை ஒருமுறை வாசிப்பாராக. அறியாத பெயரைக் கண்டவுடன் அழித்தல் வேண்டா. அங்கேயே அதனை முடக்கிவைத்து, மறுநாள் கணினி எங்ஙனம் எழுகின்றதெனப் பார்த்துப் பின்னர் முடிவுசெய்யலாம்.