மாட்டுப் பண்ணை மைதானமான கதை

சித்திரை லீவில் குடும்பத்தோடு கோடைக்கானல் போயிருந்தோம். தூண் பாறைக்குப் போகிற வழியில் ஓரிடத்தில் என் கணவர் காரை நிறுத்தினார். கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சைப் புல். மேடும் பள்ளமுமாக, கோலம் போடப் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி அத்தனை சுத்தம். ஓரத்தில் இரண்டு காட்டுமாடுகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

“ஏன் மதினி, இம்புட்டு எடத்தையும் உழுகாம சும்மா போட்டு வெச்சிருக்காகளே, யாரு வீட்டு நெலம்?” என்றாள் என் நாத்தனார்.

அது கோல்ஃப் மைதானம் என்றும், 1895-இல் தொடங்கிய சங்கத்தைச் சேர்ந்தது என்றும் என் மகள் விளக்கினாள். சின்னப் பந்தை நீள மட்டையால் அடித்து அடித்து, தூரத்தில் இருக்கும் குழியில் விழவைக்க வேண்டும். அப்படி 18 குழி. குறைந்த அடியில் முடித்தவருக்கு வெற்றி. முழு ஆட்டமும் நடந்தே ஆடினால் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் ஆகிவிடுமாம். டாக்டர் நடக்கச் சொல்லியும் மொட்டைமாடியில் நாலு சுற்றோடு நிறுத்திக்கொள்கிற எனக்கு மலைப்பாக இருந்தது.

‘யாரு வீட்டு நெலம்’ என்ற கேள்வியை மகள் விடவில்லை. நம் பக்கம் இவை பெரும்பாலும் சங்கத்தின் வசமோ, கம்பெனியின் வசமோ, ராணுவத்தின் வசமோ இருக்கும். அமெரிக்காவின் கிராமங்களில் ஒரு குடும்பமே சொந்தமாக வைத்திருந்து, அன்றைய கட்டணத்தைக் கொடுத்த யாரையும் ஆடவிடுகிற மைதானங்கள் உண்டு. அதில் ஒன்றைப் பற்றி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல ஆரம்பித்தாள். தூக்கம் போயே போய்விட்டது எங்களுக்கு.

வில்லியம் பவல் என்ற கறுப்பினத்தவர் ஓஹையோ மாநிலத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோதே மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமந்து ஆட்டம் பழகியவர். இரண்டாவது உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்து இங்கிலாந்தில் இருந்தார். அங்கே மைதானங்களில் யாரும் அவரைத் தடுக்கவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பினால், நாட்டுக்காகச் சண்டை போட்டவருக்கு நிறத்தின் பெயரால் மைதானத்தில் இடம் இல்லை! படைவீரர்களுக்கென்று இருந்த கடனும் கிடைக்கவில்லை.

மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. இரண்டு கறுப்பின டாக்டர்கள் பங்கு போட்டார்கள். அண்ணன்தம்பி உறவு சும்மாவா, சகோதரர் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். 1946-இல் ஈஸ்ட் கேன்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் 78 ஏக்கர் மாட்டுப் பண்ணையை வாங்கினார்கள். நம் பேச்சில் கிட்டத்தட்ட 78 குறுக்கம்! சாயங்காலத்தில் தொழிற்சாலைக் காவல் வேலை, பகலெல்லாம் நிலத்தில் வேலை. கல் பொறுக்கி, வேர் பிடுங்கி, கையாலேயே புல் விதை தூவினார். மனைவி மார்செல்லாவும் கூடவே நின்றார். 1948-இல் ஒன்பது குழிகளோடு ‘கிளியர்வியூ’ திறந்தது. எந்த நிறத்தவரும் வரலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கூட்டாளிகளின் பங்கையும் வாங்கிவிட்டார்கள். பதினெட்டுக் குழியாக்க 1978 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

மகள் ரெனே மூன்று வயதிலேயே மட்டை பிடித்தவள். 1967-இல் தொழில்முறைப் பெண்கள் ஆட்டக்காரர்களின் சுற்றுப் போட்டிகளில் நுழைந்தாள். அங்கே அவள் இரண்டாவது கறுப்பினப் பெண். மிரட்டல் கடிதங்கள்கூட வந்தன. ஆடி ஓய்ந்த பிறகு அப்பாவின் மைதானத்துக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினாள். புல்லைப் பராமரிக்கிற பொறுப்பை மகன் லாரி ஏற்றார். அந்த மைதானம் 2001-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. 2009-இன் கடைசி நாளில் பவல் காலமானார்.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். ராணுவத்திலிருந்து வந்து மனதாலும் உடம்பாலும் நொந்து போயிருக்கும் பெண்களுக்காக, 2011-இல் ரெனே இலவசப் பயிற்சி தொடங்கினாள். பந்தை அடிப்பது ஒரு சாக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திறந்த வெளியில், தன்னைப் போலவே அடிபட்ட நாலு பேரோடு பேசிக்கொண்டே நடந்தால் பாரம் குறையாதா?

“அந்த மார்செல்லா சோத்தப் பொங்கி வெச்சு, பிள்ளைகளயும் பாத்துட்டுத்தானடி கல்லுப் பொறுக்கப் போயிருப்பா?” என்று கேட்டாள் நாத்தனார்.

“ஆமாத்தே, வேற யாரு பொங்குவா?” என்றாள் மகள்.

எனக்கு அல்லிநகரத்துத் தென்னந்தோப்பு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று குறுக்கம். அப்பா கிணறு வெட்டினபோது அம்மாவும் மண் கூடை சுமந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இப்போது அதை பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்கிறார் பெரிய அண்ணன். தேங்காய் விலையில் கூலிகூடக் கட்டவில்லை என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

வைகாசியில் எல்லோரும் கூடிப் பேசப் போகிறார்கள். இந்தத் தடவை காபி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நிற்காமல், நானும் கூடத்தில் உட்காரப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். “உக்காரு, யாரு வேணாங்குறா?” என்றார்.