கூடைக் கயிறும் துப்பாக்கி வாரும்

என் தங்கை மகன் ராணுவத்தில் இருக்கிறான். போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். இரண்டும் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உலோகத் துண்டுகள். "மாமா, ரயில்ல ஸ்லிங் மாட்டணும். இதுல எது நல்லது, சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தான். "லீவுக்கு வர்றப்ப கடைக்கு வா. புல்வெட்டியை வச்சுச் சொல்றேன்" என்று பதில் போட்டேன். மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓட்டும் கொழுந்து வெட்டும் மெஷின், எல்லாம் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்னால் 21 வருஷம் ராணுவம். 1982ல் சேர்ந்தேன். அதற்கும் முன்னால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் கொழுந்து பறித்த ஒருத்தியின் மகன். இந்த மூன்றும் தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது விளங்கும்.

ஸ்லிங் என்றால் துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வார், அவ்வளவுதான். சினிமாவில் துப்பாக்கி என்றால் சுடுவதுதான் தெரியும். உண்மையில் சிப்பாய் சுடுவது எப்போதோ ஒரு நாள், சுமப்பது தினமும். நான் சுமந்த எம்16 குண்டோடு சேர்த்துச் சுமார் மூன்றரைக் கிலோ. அரிசிப் பையாக இருந்தால் இடக்கை வலக்கை மாற்றிக் கொள்ளலாம். துப்பாக்கியோடு மேடு ஏற வேண்டும், கொடியைப் பிடிக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ரேடியோ பேச வேண்டும். அப்போதெல்லாம் அதைத் தாங்குவது வார். அந்த வாரைத் தாங்குவது ஒரு சின்ன வளையம். வாரைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் வளையத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

வளையத்தைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தது அம்மா. அந்தக் காலத்தில் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, அடியில் மடித்த துணி ஒன்றை வைத்துக் கொள்வாள். ஒரு நாள் கூடையில் கயிறு கோத்த இடத்தில் பிரம்பு அறுந்து போயிருந்தது. எனக்குப் பத்து வயசு இருக்கும். உதவுகிறேன் பேர்வழி என்று கயிற்றைக் கூடையின் நடு வயிற்றில் கட்டிவிட்டேன். வெறுங்கூடையாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கொழுந்து நிரம்பியதும் கூடையின் வாய் பின்னால் சாய்ந்து, அவள் தலையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. சரிவில் மல்லாந்து விழாமல் தேயிலைச் செடியைப் பிடித்து நின்றாளாம். சாயங்காலம் வந்து திட்டவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கயிற்றை அவிழ்த்து, கூடை வாய்க்குக் கீழே நாலு விரல் அளந்து கட்டினாள். "கனம் எங்க இருக்கோ அதுக்கு மேல புடிக்கணும்டா. கீழ புடிச்சா கவுந்துரும்." இது ராணுவத்தில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாத விஷயம்.

எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா படம் ஒன்று தொங்குகிறது. அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு எடுக்கப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவர். 1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கம்யூனிஸ்ட்டுகளால் கொல்லப்பட, இரண்டு நாளில் அவசரகாலம் அறிவித்தார்கள். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், தாத்தா மாதிரி சில தமிழர்களும் உண்டு. படத்தில் அவர் பிடித்திருப்பது லீ என்ஃபீல்ட் ஐந்தாம் நம்பர். ஜங்கிள் கார்பைன் என்பார்கள். குழாய் நுனியில் புனல் மாதிரி இருக்கும், பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அதன் அண்ணன் நாலாம் நம்பருக்குப் பின்பக்க வார் வளையம், தோளில் பதிக்கும் கட்டையின் அடியில் இருக்கும். ஐந்தாம் நம்பருக்கு அதைக் கட்டையின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதுகில் போட்டால் துப்பாக்கி தட்டையாகப் படியும், விலாவில் குத்தாது. படத்தில் தாத்தா நிமிர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தங்கை மகனிடம் சொல்வேன். அவன் நம்ப மாட்டான்.

எனக்கு வாய்த்த எம்16க்கு இரண்டு வளையமும் அடியில். முன்னது குறிமுள்ளுக்குக் கீழே, பின்னது கட்டைக்குக் கீழே. தோளில் தொங்கவிட்டு அணிவகுப்பில் நடக்கலாம், குறையில்லை. மார்புக்குக் குறுக்கே போட்டால் தலைகீழாகப் புரண்டுவிடும், குண்டுப்பெட்டி மேலே பார்க்கும். பிடிக்க நினைத்தால் முதலில் திருப்ப வேண்டும். அம்மா சொன்ன அதே கதை: கனம் மேலே, பிடி கீழே. அதனால் நாங்கள் பாராசூட் கயிற்றை வைத்து, கட்டையைச் சுற்றி ஒரு சுருக்கு, குறிமுள்ளைச் சுற்றி ஒரு சுருக்கு போட்டு, வார் பக்கவாட்டில் வருகிற மாதிரி செய்து கொள்வோம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் துப்பாக்கி சொன்ன பேச்சுக் கேட்கும்.

மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சி தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்துப் போட்டது 1989 டிசம்பர் 2. அதற்குச் சில வருஷம் முன்னால் எல்லைக் காட்டில் ரோந்து. கயிற்றுச் சுருக்கை அவிழ்த்து மாட்டச் சோம்பல்பட்டு, சந்தையில் வாங்கிய ஒரு கொக்கியைப் போட்டிருந்தேன். நாய்ச் சங்கிலியில் இருக்குமே, அந்த மாதிரி. ஓடையைக் கடக்கும்போது ஒரு கிளை அதன் நாக்கை அழுத்தி, கொக்கி திறந்து, துப்பாக்கி தண்ணீரில். இடுப்பளவு ஓடைதான், எடுத்துவிட்டேன். அன்று ராத்திரி என் காவலோடு இன்னொருவன் காவலும் என் தலையில். கொக்கியைக் காட்டிலேயே வீசிவிட்டேன்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கயிறு தேவையில்லை. துப்பாக்கியின் முன்பிடியில் ரயில் இருக்கிறது. சீப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி மேடும் பள்ளமுமாக ஓடும் உலோகப் பட்டை அது. அதில் ஒரு வகை பிக்கட்டினி. அது அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஓர் ஆயுதசாலையின் பெயர். 1995 பிப்ரவரியில் அளவை நிர்ணயம் செய்தார்கள்: பட்டையின் அகலம் 21.2 மில்லிமீட்டர், பள்ளம் 5.23 மில்லிமீட்டர், பள்ளத்துக்குப் பள்ளம் 10 மில்லிமீட்டர். இந்த அளவு ஒன்றானதால்தான் எந்தக் கம்பெனி சாமானும் இந்தப் பட்டை உள்ள எந்தத் துப்பாக்கியிலும் உட்காருகிறது. பழைய வீவர் பட்டையில் பள்ளம் குறுகல், 4.57 மில்லிமீட்டர். வீவருக்குச் செய்தது பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும், பிக்கட்டினிக்குச் செய்தது வீவரில் இறங்காது. இதுபோக, மேடு பள்ளமே இல்லாமல் வழவழப்பாக, நீளத் துளைகள் மட்டும் போட்ட எம்-லாக் 2014ல் வந்தது. சாவித்துவாரம் மாதிரி துளை போட்ட கீமாட் அதற்கு இரண்டு வருஷம் முந்தி. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் ஏறாது. ஆகவே வளையம் வாங்கும் முன் தன் துப்பாக்கியில் இருப்பது எந்த ரயில் என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பார்க்காமல் வாங்கியவர்கள் உண்டு.

தீபாவளி முடிந்த மறுநாள் அவன் கடைக்கு வந்தான். மழை பிடித்துக் கொண்டிருந்தது, மேசையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. பழுதுக்கு வந்த ஒரு புல்வெட்டியை எடுத்து அவன் தோளில் வாரோடு மாட்டிவிட்டேன். இரண்டு கையையும் விடச் சொன்னேன். இன்ஜின் பின்னால் தொங்க, வெட்டும் தலை வானத்தைப் பார்த்தது. குழாயில் இருக்கும் வளையத்தின் திருகைத் தளர்த்தி, இன்ஜின் பக்கம் நாலு விரல் நகர்த்தி, மறுபடி முறுக்கினேன். இப்போது கையை விட்டால் தலை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "அதே மெஷின், அதே வார். என்ன மாறிச்சு?" என்று கேட்டேன். அவன் வளையத்தைத் தடவிப் பார்த்தான்.

பிறகுதான் படங்களுக்கு வந்தோம். முதல் படத்தில் இருந்தது பற்றவைத்த கம்பி வளையம், ரயிலில் இறுக்குகிற கவ்வியோடு. மலிவு, உடைவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாரைக் கழற்ற வேண்டுமானால் உட்கார்ந்து உருவ வேண்டும், போதாததற்குக் கம்பி கவ்வியில் மோதி டிக் டிக் என்று சத்தம் போடும். ரோந்தில் அந்தச் சத்தம் பத்தடிக்குக் கேட்கும், டேப் சுற்றித்தான் அடக்க வேண்டும். இரண்டாவது, பொத்தான் வகை. கவ்வியில் ஒரு குழி, வாரின் நுனியில் ஒரு குமிழ். பொத்தானை அழுத்தினால் குமிழைச் சுற்றியுள்ள சின்ன இரும்புக் குண்டுகள் உள்வாங்கும், விட்டால் வெளியே தள்ளிக் குழிக்குள் பிடித்துக் கொள்ளும். ஒரு விரலால் மாட்டலாம், கழற்றலாம். இதிலும் இரண்டு ஜாதி. குமிழ் இஷ்டத்துக்குச் சுற்றுகிற குழி ஒன்று, விளிம்பில் வெட்டு வைத்து ஓரளவுக்கு மேல் சுற்றாமல் தடுக்கிற குழி இன்னொன்று. சுற்றுகிற குழியை வாங்கினால் சாயங்காலத்துக்குள் வார் மணிக்கயிறு மாதிரி முறுக்கிக் கொண்டிருக்கும். தடுக்கிற குழிதான் என் ஓட்டு.

எங்கே மாட்டுவது? வலது கைக்காரனுக்கு இடப்பக்கம். அடியில் வேண்டாம், அடியில் மாட்டினால் எங்கள் எம்16 கதைதான். துப்பாக்கியைப் பிடித்தபடி கடிகாரமாக நினைத்தால் மணி 9க்கும் 12க்கும் நடுவே வருவது எனக்குப் பிடித்த இடம். துப்பாக்கி நிமிர்ந்து தொங்கும். முன்னும் பின்னுமாகப் பார்த்தால், உடலுக்குப் பக்கத்தில் வைத்தால் தோள் மாற்றுவது சுலபம், ஆனால் நடையில் துப்பாக்கி அதிகம் ஆடும். நுனிப் பக்கம் வைத்தால் ஆடாது, ஆனால் தூக்கும்போது வார் இழுக்கும், தொடர்ந்து சுட்டால் குழாய்ச் சூட்டில் வாரும் கருகலாம். இடது கை பிடிக்கிற இடத்துக்கு ஒரு விரல் முன்னாலோ பின்னாலோ வைத்துப் பார்த்து, மூட்டையையும் மாட்டிக் கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார், பிறகு முடிவு பண்ணு என்றேன். கண்ணாடி முன் நின்று முடிவு பண்ணுவது ஆகாது. ஒற்றைப் புள்ளியில் தொங்கவிடும் வார் இளைஞர்களுக்கு ஸ்டைலாக இருக்கிறது. ஓடினால் துப்பாக்கி முட்டியை இடிக்கும், இன்னும் கொஞ்சம் மேலேயும் இடிக்கும். நான் இரண்டு முனை வார்க் கட்சி.

மாட்டும் விதமும் ஒன்று இருக்கிறது. கவ்வியின் குறுக்குக் கம்பி பள்ளத்துக்குள் முழுதாக இறங்க வேண்டும். இறுக்கும் முன் குழாய் நுனிப் பக்கம் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடும் உதையில் அதுவே நகர்ந்து தளரும். திருகில் ஒரு சொட்டு நீல லாக்டைட். இறுக்கியபின் திருகுத் தலையிலிருந்து கவ்வி வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று இருட்டில் டார்ச் அடித்தாலே தெரியும். பட்டறையிலும் நான் இதைத்தான் செய்கிறேன். பொத்தான் குழியில் சேறு போனால் குண்டுகள் பாதியில் நிற்கும், மாட்டிய மாதிரி ஒரு க்ளிக் சத்தமும் வரும், ஆனால் பிடித்திருக்காது. மாட்டியவுடன் ஒரு வெட்டு இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள் என்று மூன்று தடவை சொன்னேன். எங்கள் ஊர் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல், பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிறது. இங்கே துருப்பிடிக்காத இரும்பைத் தேட வேண்டும். குண்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஆன்லைனில் பாதி விலைக்கு இருக்கிறதே என்று மூன்றாவது படம் ஒன்றை எடுத்தான். பொம்மைத் துப்பாக்கிக்குச் செய்த நகல் அது. படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், கையில் எடுத்தால் லேசான வார்ப்பு, விளிம்பெல்லாம் கூர். அந்தக் கூர் வாரை நாளுக்கொரு நூலாக அறுக்கும். தவிர, அரசாங்கத் துப்பாக்கியில் ஆளாளுக்கு வாங்கியதை மாட்ட விடமாட்டார்கள். ஆயுதக் கிடங்கில் இருப்பதைக் கேட்டு வாங்கு என்றேன்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அடர்ந்த காட்டு ரோந்தில் வாரையே கழற்றிப் பையில் போடச் சொல்லும் வழக்கம் தாத்தா காலத்திலிருந்து உண்டு. வார் கொடியில் சிக்கும், தோளில் தொங்கும் துப்பாக்கி அவசரத்துக்குக் கைக்கு வராது. ஒரு விரலால் கழலும் வளையத்துக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு அதுதான் பெரிய காரணம்.

இதைப் படிக்கும் யாரும் துப்பாக்கி தேடிப் போக வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நம் நாட்டில் உரிமம் இல்லாதவனைச் சும்மா விடாது. ஆனால் கேமரா மாட்டுகிறவர்கள், மருந்துப் பம்பு சுமக்கிறவர்கள், தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள்.  தோள் வலி என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெஷினில் கோளாறே இருப்பதில்லை, வளையம் இருக்கும் இடம்தான் கோளாறு.

தங்கை மகன் கிடங்கில் பொத்தான் வகையைத்தான் கேட்டு வாங்கினான், இடப்பக்கம் மாட்டியிருக்கிறான். போன வாரம் படம் அனுப்பினான், வெள்ளைக் கோடு தெரிந்தது. உங்கள் மெஷின் தோளை இழுத்தால் கொண்டு வாருங்கள். வளையத்தை நகர்த்திக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.