தைத்த துணியும் ஒரு கவசம்தான்

கவசம் என்றதும் இரும்புச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. அதனால், பழைய கவசங்களைப் பார்த்துத் துணியில் கலைப்பொருள் செய்ய வருபவர் வெள்ளி ஜரிகையில் சங்கிலி வளையம் பின்னுவார். இல்லையென்றால் சாம்பல் நிறப் பட்டில் தகடுகளை அச்சிடுவார். அது இரும்பின் படம், அவ்வளவுதான். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் அடங்கிய பாராமகால் சீமையில் தொடங்கினால் வேறு வழி தெரியும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போகும்வரை இந்தச் சீமை ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. அக்காலத்துத் தக்காணப் படைகளில் துணியே கவசமாக இருந்தது. பருத்தித் துணியைப் பல மடிப்புகளாக அடுக்கி, இடையில் பஞ்சு வைத்து, நெருக்கமாகத் தைத்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கட்டும் அத்தகைய கவசத்துக்குப் பேட்டி என்று பெயர். வெல்வெட்டின் மேல் சிறு பித்தளை ஆணிகள் பதித்த மேலங்கிக்கு ஆயிரம் ஆணிச் சட்டை என்று பெயர். ஒவ்வொரு தையலும் எல்லா மடிப்புகளையும் ஊடுருவி இறுக்குவதால் துணி விறைத்துப்போகும். வெட்டு விழும்போது அதன் வேகம் பஞ்சிலும் இழைகளிலும் பரவி அடங்கும். வேறு நாடுகளிலும் துணி கவசமானது. மெக்சிகோவில் ஆஸ்டெக் வீரர்களின் பஞ்சுச் சட்டையை ஸ்பானியப் படையினர் தாங்களும் அணியத் தொடங்கினார்கள். 1965-இல் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த இழைதான் பிறகு கெவ்லர் என்ற பெயரில் குண்டு துளைக்காத உடுப்பானது. அதுவும் நெய்த துணிதானே!

தருமபுரி நடுகற்களில் வெற்று மார்போடு வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களைக் காட்டி, கவசமே இல்லாத மண்ணில் ஏது கவச மரபு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆநிரை மீட்கப் போனவனுக்குக் கச்சைதான் வாய்த்தது. பஞ்சுக்கவசம் பிற்காலத்துப் பெரும் படைகளுக்கு உரியது. ஆகவே இதை நம் ஆதி மரபு என்று உரிமை கொண்டாட நான் சொல்லவில்லை. தையலின் வேலை என்ன என்பதை அந்தக் கவசத்திடம் கற்கலாம் என்பதே என் வாதம்.

அந்த வேலையை அறிந்த கைகள் இதே தருமபுரி மாவட்டத்தில் இருக்கின்றன. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே, சிட்லிங்கியில், லம்பாடிப் பெண்கள் தங்கள் பூத்தையலைப் போர்கை என்ற அமைப்பின் வழியாக மீட்டெடுத்திருக்கிறார்கள். மைசூர்ப் போர்களின்போது மாட்டுப்பொதிகளில் படைகளுக்குத் தானியம் சுமந்த வணஜாரர்களும் லம்பாடிகளும் ஒரே சமூகத்தினர். இவர்கள் கவசம் தைத்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அப்படிக் கதை கட்டவும் கூடாது. ஆனால் தையலால் துணிக்குக் கனமும் உறுதியும் ஏற்றும் கலை அவர்களுடையது.

போர்க்கருவியைக் கலையாக்குவது போரைப் போற்றுவதாகாதா என்பார்கள். வாளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். கவசம் உயிர் பிழைக்க விரும்பிய உடலுக்காகத் தைத்தது. அந்த அச்சத்தையும் அக்கறையையும் காட்ட வேண்டுமென்றால் படைப்பில் ஜரிகைப் பளபளப்பு தேவையில்லை. பழைய சேலைகளை அடுக்கி, மார்பும் விலாவும் வரும் இடத்தில் தையலை நெருக்கி, கை அசையும் அக்குளில் தளர்த்தி, ஓரத்தில் மடிப்புகள் எண்ணத் தெரியும்படி பிரித்துவிட்டால் போதும்.