கராஜில் காய்ச்சும் பீர்

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சும் பலர் சமையலறையில் தொடங்கி, சில மாதங்களில் கராஜுக்கு இடம் மாறிவிடுகிறார்கள். ஒரு தடவைக்குக் காய்ச்சும் வழக்கமான அளவு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். ஆவியாகப் போவதையும் கணக்கில் எடுத்தால் அதைவிடச் சில லிட்டர் கூடுதலாகவே அடுப்பில் ஏற்ற வேண்டும். வீட்டு அடுப்பில் அது கொதிப்பதற்கே நெடுநேரம் ஆகும். பொங்கி வழிந்தால் பிசுக்கு லேசில் போகாது. கராஜில் சிமென்ட் தரை உண்டு, தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொள்ளலாம், கதவைத் தூக்கிவிட்டு வாசலில் புரொப்பேன் அடுப்பை வைக்கலாம். நான்கு பேர் நின்று பேசவும் இடம் இருக்கிறது. இந்த நான்கு பேர்தான் முக்கியம். கொதிக்கும் பாத்திரத்தை ஒருவர் தனியாக நகர்த்துவது ஆபத்து, வேலை ஐந்தாறு மணி நேரம் நீளும், சாமான்களின் விலையும் ஒருவருக்குச் சுமை. அதனால் நண்பர்கள் பணமும் பாத்திரமும் போட்டுச் சேர்ந்து காய்ச்சுவது இயல்பான ஏற்பாடாக அமைந்துவிட்டது.

இதற்குச் சட்டத்தின் அனுமதி கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் அன்ஹைசர்-புஷ் போன்ற பீர் நிறுவனங்கள் மால்ட் பாகையும் ஈஸ்டையும் விற்றுப் பிழைத்தன. ரொட்டி சுடுவதற்கென்று விற்ற அந்தப் பாகு பல வீடுகளில் பீராக மாறியது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அந்த நிலை 45 ஆண்டுகள் நீடித்தது. கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்வைத்த திருத்தம் அடங்கிய மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி முதல் அது செயலுக்கு வந்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது.

விற்கக் கூடாது என்ற அந்த நிபந்தனையே இந்தப் பழக்கத்துக்கு அதன் குணத்தைக் கொடுத்தது எனலாம். காய்ச்சியது 50 பாட்டில் இருக்கும். காசாக்க முடியாது, ஒருவரே குடித்துத் தீர்க்கவும் முடியாது. அப்படியானால் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகிர்ந்துகொண்டால் அடுத்தவர் கருத்துச் சொல்வார். அந்தக் கருத்திலிருந்துதான் அடுத்த தடவைக்கான பாடம் கிடைக்கிறது. செய்முறையை மறைத்துவைக்கவும் யாருக்கும் காரணம் இல்லை.

பீருக்கு அடிப்படைப் பொருள்கள் நான்கு: தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைப்பதுபோல பார்லியை முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பவை அவைதான். 19 லிட்டர் பீருக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ மால்ட் தேவைப்படும். அதை உமி சிதையாமல் நொறுக்க வேண்டும். பின்னால் வடிகட்டும்போது அந்த உமிதான் சல்லடையாக நிற்கும்.

நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் கலந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடிவைப்பதற்கு மேஷ் என்று பெயர். சுற்றுலாவுக்கு ஐஸ் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி சூட்டை நன்றாகப் பிடித்துவைப்பதால், அடியில் ஒரு சல்லடைக் குழாயைப் பொருத்தி அதையே மேஷ் பாத்திரமாக மாற்றிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். 63 முதல் 65 டிகிரி செல்சியஸில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சர்க்கரையை நிறைய உண்டாக்கும். பீர் இனிப்புக் குறைந்து லேசாக இருக்கும். 68, 70 டிகிரியை நெருங்கினால் ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கும். ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சி பீர் கனமாக இருக்கும். நான்கைந்து டிகிரி வித்தியாசத்தில் ஒரே தானியம் இரண்டு வகைப் பீராகிறது. வீட்டில் காய்ச்சுவோர் கற்றுக்கொள்ளும் விஷயங்களில் இது மிக அழகான ஒன்று.

வடித்தெடுத்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். கொதி வரும் நேரத்தில் புரதம் திரண்டு நுரை திடீரென்று மேலே ஏறும். அப்போது யாரும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. தொடக்கத்திலேயே போடும் ஹாப்ஸ், நெடுநேரம் கொதித்துக் கசப்பைத் தரும். கடைசிச் சில நிமிடங்களில் போடுவது மணத்தைத் தரும், ஏனென்றால் மணம் தரும் எண்ணெய்கள் கொதியில் ஆவியாகிவிடக் கூடியவை. ஹாப்ஸ் பீரைக் கெடாமலும் காக்கிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீரில் அதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். இன்று அமெரிக்க கராஜ்களில் ஆசையோடு காய்ச்சப்படும் இந்தியா பேல் ஏல் வகையின் பெயர் அந்த வணிகத்திலிருந்து வந்தது. ஆரஞ்சு, சாத்துக்குடி இனத்துப் பழவாசம் வீசும் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் 1972இல் ஓரிகன் மாநிலத்தில் வெளியிடப்பட்டது. அமெரிக்கச் சிறுதயாரிப்பு பீருக்குத் தனி மணம் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுப்பை அணைத்ததும் வேலையின் தன்மை மாறுகிறது. கொதித்த வோர்ட்டில் உயிருள்ள கிருமி ஏறக்குறைய எதுவும் இராது. ஆனால் ஆறியபின் அது எல்லாக் கிருமிக்கும் விருந்து. அதனால் செம்புச் சுருள் குழாயைப் பாத்திரத்துக்குள் இறக்கி, அதன் வழியே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, அரை மணி நேரத்துக்குள் 20 டிகிரி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்குமேல் வோர்ட்டைத் தொடும் கரண்டி, புனல், குழாய், மூடி அனைத்தும் கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி எடுத்தவையாக இருக்க வேண்டும். நண்பர்கள் குழுவில் ஒருவருக்கு இந்த ஒரு பொறுப்பை மட்டும் ஒப்படைத்துவிடுவது நல்லது. புதிதாகக் காய்ச்சுவோர் பானைக்கும் அடுப்புக்கும் நிறையச் செலவழிக்கிறார்கள், கழுவுவதில் சலித்துப்போகிறார்கள். கெட்டுப்போகும் பீரில் பெரும்பகுதி அந்தச் சலிப்பினால் கெடுவதுதான்.

பிறகு ஈஸ்ட். ஒரு சிறு பொட்டலம், சுமார் 11 கிராம் போதும். பீரைப் புளிக்கவைப்பதும் கெடுப்பதும் நுண்ணுயிர்களே என்று லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்று கடையில் பெயர் சொல்லி ஈஸ்ட் வாங்க முடிகிறதென்றால் அந்த வேலையின் பலன்தான். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 21 டிகிரி ஒத்துக்கொள்ளும். லாகர் வகைக்கு அதைவிடக் குளிர்ந்த இடம், 8 முதல் 13 டிகிரி வேண்டும். நொதிக்கும்போது திரவமே சூட்டை உண்டாக்குவதால் உள்ளே வெப்பம் சில டிகிரி கூடும். டெக்சஸ், அரிசோனா போன்ற இடங்களில் கோடைக்கால கராஜ் உலை மாதிரி காயும். அங்கெல்லாம் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றில் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, அதற்குள் பீர் நொதிக்கும் கலனை வைப்பது வழக்கம்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் ஏறக்குறையச் சம எடையில் தருகிறது. வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கவும் கலனின் வாயில் தண்ணீர் நிரப்பிய காற்றடைப்பான் இருக்கும். அது குமிழிவிடுவதை நிறுத்தினாலே நொதித்தல் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடர்த்திமானியில் அளந்து, சில நாள் விட்டு மீண்டும் அளந்து, எண் மாறாமல் இருந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். தொடக்கத்தில் 1.050 இருந்த அடர்த்தி 1.010க்கு இறங்கினால், வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கிக் கிடைப்பது ஆல்கஹாலின் சதவீதம், அதாவது சற்றேறக்குறைய 5.

பாட்டிலில் அடைக்கும் நாளில் 19 லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். இரண்டு வாரத்தில் பொங்கும் பீர் தயார். நொதித்தல் முடியும் முன்பே அடைத்தாலும், சர்க்கரையை அளவு மீறிக் கொட்டினாலும் பாட்டில்கள் வெடிக்கும். கண்ணாடித் துண்டு பறந்தால் காயம் கடுமையாக இருக்கும் என்பதால் பொறுமையிழந்து அடைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கராஜில் வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. கதவை மூடிக்கொண்டு புரொப்பேன் அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே இல்லை. கொதித்து ஒதுக்கிய ஹாப்ஸ் சக்கையை நாய் தின்றால் அதன் உடல் வெப்பம் கட்டுமீறி ஏறி உயிரே போகலாம். ஹாப்ஸ் கலக்காத மால்ட் சக்கையை மட்டும் கோழித் தீவனமாகவோ ரொட்டி மாவிலோ சேர்த்துக்கொள்கிறார்கள்.

நண்பர்கள் குழு கொஞ்சம் பெரிதானால் சங்கமாகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற சங்கம் 1974இலேயே, சட்டம் வருவதற்கு நான்காண்டு முன்பே, தொடங்கிவிட்டது. அணுப்பொறியியல் படித்த சார்லி பபாசியன், கொலராடோவின் போல்டர் நகரில் மக்களுக்கு வீட்டுப் பீர் வகுப்பு எடுத்துவந்தார். அவரும் சார்லி மாட்ஸனும் 1978இல் அமெரிக்க வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கத்தை நிறுவினார்கள். பபாசியன் 1984இல் வெளியிட்ட கையேடு ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்தது. 1985இல் உருவான நடுவர் சான்றிதழ்த் திட்டம் பீருக்கு 50 மதிப்பெண் வகுத்தது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நண்பர் காய்ச்சியதை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடாமல், வெண்ணெய் வாசம் வந்தால் டயசெட்டைல், பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் அசிட்டால்டிஹைடு என்று காரணத்தோடு பேசும் பழக்கம் இப்படி வளர்ந்தது.

தொழிலாக மாறியவர்களும் இந்தக் கூட்டத்திலிருந்தே வந்தார்கள். கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் ஏல்களைச் சுவைத்த ஜாக் மெக்காலிஃப், ஊர் திரும்பி 1976இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கினார். அது 1982இல் மூடப்பட்டது. சிகோ நகரில் வீட்டுப் பீர்ச் சாமான் கடை நடத்திய கென் கிராஸ்மன், பால் கமூசியோடு சேர்ந்து பால்பண்ணைக் கலன்களைக் கொண்டு சியரா நெவாடா ஆலையை அமைத்து, 1980இல் காய்ச்சத் தொடங்கினார். 1970களின் இறுதியில் நாடு முழுவதும் 100க்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள் இன்று 9,000ஐத் தாண்டிவிட்டன.

மத்திய அரசு அனுமதித்தாலும் மாநிலங்களின் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் வீட்டுப் பீரை அனுமதித்தன. ஓரிகனில், காய்ச்சிய வீட்டுக்கு வெளியே அந்தப் பீரைக் குடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னதால் 2010 மாநிலக் கண்காட்சியில் வீட்டுப் பீர்ப் போட்டி நின்றுபோனது. மறு ஆண்டு சட்டத்தையே திருத்தினார்கள். 1978 சட்டம் திறந்த வழி சாராயம் வடிப்பதற்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவைத் தயாரிப்பதும் குற்றம். சொந்தக் குடிப்புக்காக வீட்டில் காய்ச்சும் பீரும் அதில் அடங்கும்.