கணக்கை அழிக்காமல் திருத்துவோம்

சிராங்கூன் சாலையில் ஒரு பாத்திரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்துள்ள அக்கடை, ஓர் உணவகத்திற்கு 100 எவர்சில்வர் தட்டுகளைக் கடனாக அனுப்புகிறது. ஒரு தட்டின் விலை 10 வெள்ளி. ஆகவே, தட்டுகளின் விலை 1,000 வெள்ளி. அதன்மேல் 9 விழுக்காடு வரி 90 வெள்ளி. உணவகம் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 1,090 வெள்ளி. இவ்விவரங்களைக் காட்டிக் கடை அனுப்பும் ஆவணமே விலைப்பட்டியல். இதனை ‘இன்வாய்ஸ்’ என்றும் கூறுவர்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது 20 தட்டுகள் நசுங்கியிருந்தன. உணவக உரிமையாளர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி, கடையின் கணக்கர் தம் கணினியில் உள்ள கணக்கியல் மென்பொருளில் என்ன செய்ய வேண்டும்?

பழைய விலைப்பட்டியலைத் திறந்து, 100 என்பதை 80 என்று மாற்றிவிட்டால் போதுமே என நமக்குத் தோன்றலாம். ஆனால், அது சரியன்று. உணவகத்தின் கையில் இருக்கும் விலைப்பட்டியலில் 1,090 வெள்ளி என்றே இருக்கும். ஒரே எண் கொண்ட ஆவணம் இரண்டு இடங்களில் இரண்டு தொகைகளைக் காட்டினால் எதை நம்புவது? தட்டுகள் ஏன் திரும்பி வந்தன என்ற செய்தியும் மறைந்துவிடும். எனவே, முதல் ஆவணத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைத் திருத்தும் இன்னோர் ஆவணத்தை எழுத வேண்டும். அதுவே வரவுக் குறிப்பு. அதாவது ‘கிரெடிட் நோட்’.

வரவுக் குறிப்பில் அதற்குரிய எண், தேதி, திரும்பி வந்த பொருள்கள், குறைக்கப்படும் விலை, வரி, குறைப்பதற்கான காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். எந்த விலைப்பட்டியலைத் திருத்துகிறது என்பதையும் அது குறிப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 20 தட்டுகளின் விலை 200 வெள்ளி. வரி 18 வெள்ளி. ஆக, வரவுக் குறிப்பின் தொகை 218 வெள்ளி. இதைப் பதிவு செய்ததும் கடையின் விற்பனைத் தொகையில் 200 வெள்ளியும், அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் 18 வெள்ளியும் குறையும். மறுபக்கம், உணவகத்தின் கடனில் 218 வெள்ளி குறையும். இப்படி இரு பக்கமும் சமமாக எழுதுவதே இரட்டைப் பதிவு முறை. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி, 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தமது நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். இன்றைய மென்பொருள்களும் இதையே பின்பற்றுகின்றன.

வரவுக் குறிப்பை எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதை உரிய விலைப்பட்டியலோடு பொருத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். உணவகம் 872 வெள்ளியை வங்கி வழியாகச் செலுத்துகிறது. கணக்கர் அதைப் பதிவு செய்கிறார். ஆனால், வரவுக் குறிப்பைப் பொருத்த மறந்துவிடுகிறார். இப்போது, விலைப்பட்டியலில் 218 வெள்ளி நிலுவை என்று கணினி காட்டும். வரவுக் குறிப்பிலோ, பயன்படுத்தப்படாத 218 வெள்ளி தனியே நிற்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உணவகம் எதுவும் தர வேண்டியதில்லை. ஆயினும், தவணை தாண்டிய விலைப்பட்டியல்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பும்படி மென்பொருளை அமைத்திருந்தால், அது உணவகத்திற்கும் ஒன்றை அனுப்பிவிடக்கூடும். முறையாகப் பணம் செலுத்தியவர் மனம் என்ன பாடுபடும்? பல ஆண்டு உறவு ஒரு மின்னஞ்சலால் கசந்துபோகலாம்.

வேறு சிலர், நிலுவையை நீக்கினால் போதும் என்று எண்ணி, 218 வெள்ளியும் பணமாக வந்ததைப் போலப் பதிவு செய்துவிடுவர். இது மேலும் பெரிய தவறு. கடையின் ஏட்டில் 1,090 வெள்ளி வந்ததாக இருக்கும். வங்கி அறிக்கையிலோ 872 வெள்ளிதான் இருக்கும். இரண்டும் ஒத்துவராது. வரவுக் குறிப்பும் எழுதப்படாவிட்டால், நடக்காத விற்பனைக்கும் கடை 18 வெள்ளி வரி கட்ட நேரிடும். வரவுக் குறிப்பு கடனைக் குறைக்கும். ஆனால், அது பணமன்று. இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

உணவகம் முன்னரே 1,090 வெள்ளியையும் செலுத்தியிருந்தால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உள்ளன. கடை 218 வெள்ளியைத் திருப்பித் தந்து, அந்தப் பணத்தை வரவுக் குறிப்போடு பொருத்தலாம். அல்லது, அடுத்த விலைப்பட்டியலில் கழித்துக்கொள்ளலாம். அடுத்த முறை 545 வெள்ளிக்குப் பொருள் வாங்கினால், உணவகம் 327 வெள்ளி செலுத்தினால் போதும். எந்த வழி என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதைக் கணினி தானாக அறியாது.

வரவுக் குறிப்பைத் தவறாகப் பயன்படுத்தவும் இயலும். வாடிக்கையாளர் முழுத் தொகையையும் ரொக்கமாகத் தந்த பிறகு, நேர்மையற்ற ஊழியர் ஒருவர் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, பொருள் திரும்பி வந்ததாகப் பொய்யான வரவுக் குறிப்பு எழுதக்கூடும். அதனால்தான், பணம் வாங்குபவர் ஒருவராகவும் வரவுக் குறிப்புக்கு ஒப்புதல் தருபவர் இன்னொருவராகவும் இருப்பது நல்லது. சிங்கப்பூரில் வணிக ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பின்னாளில் ஐயம் எழுந்தால், நடந்ததை அந்த ஆவணங்கள் எடுத்துச் சொல்லும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் முன்னோர். கூட்டலையும் கழித்தலையும் மென்பொருள் நொடியில் செய்துவிடும். ஆனால், என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதுவது மனிதரின் பொறுப்பு. பள்ளி மன்றத்தின் விற்பனைச் சாவடியில் நீங்கள் கணக்கு எழுதும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். தவறு நேர்ந்தால் மறைக்க வேண்டாம். அதன் அருகிலேயே திருத்தத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். அப்படிப்பட்ட கணக்கை எவரும் நம்புவர்.